சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சுவிட்ச்

பதினொரு லைட்டு, பதினொரு சுவிட்ச். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் மதன்குமார் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். கணக்கு சரியாக வந்துவிட்டது என்று அத்தோடு விடுகிற ஆளில்லை. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, எந்த லைட்டு எரிகிறது என்று ஓடிப்போய்ப் பார்த்து, போனில் குறித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தான். அரை மணி நேரம் கழித்து என் ஏணிக்குக் கீழே வந்து நின்றான்.

“ஜெயபாண்டிண்ணே, வாசல் லைட்டுக்கு சுவிட்சே இல்ல. அடுப்படியில ஒரு சுவிட்ச் இருக்கு, அதுக்கு லைட்டே இல்ல.”

இந்தக் கேள்வியை என்றைக்காவது ஒருத்தர் கேட்பார் என்று பதினாலு வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டபோது பதில் தயாராக இல்லை.

“வாசல் லைட்டு டைரக்ட்டு தம்பி.”

“டைரக்ட்டுன்னா பகல்லயும் எரியணுமே?”

“அடுப்படி சுவிட்சு எர்த்துக்கு,” என்றேன்.

எர்த்துக்கு சுவிட்ச் கிடையாது. ஆனால் எர்த் என்று சொன்னால் பெரும்பாலும் மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று விட்டுவிடுவார்கள். மதன்குமார் என்னையே பார்த்தான். அப்புறம் போன் அடித்தது. சிக்னல் கிடைக்கிற இடம் தேடி ஊருணிக் கரைக்குப் போனான். அந்த ஊரில் சிக்னல் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும்.

இதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எனக்குக் கடை அருப்புக்கோட்டையில். இந்த வீடு பரளச்சிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊரில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஒரே வீடு. அண்ணன் இருளப்பசாமி, தம்பி மதன்குமாரின் அப்பா சந்தனம். நிலம், கிணறு, மாடு எல்லாம் பொதுவில் இருந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் குலசாமி கோவிலில் மாசிக் களரித் திருவிழா நடந்தபோது, நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை மைக்கில் வாசித்தார்கள். தம்பி பெயரை முதலில் வாசித்துவிட்டு, நாலு பேர் தள்ளி அண்ணன் பெயரை வாசித்தார்கள். வாசித்தவருக்குக் கையில் சீட்டு வந்த வரிசை அதுதான். அவரை ஒன்றும் சொல்வதற்கில்லை.

அன்று கோவிலிலிருந்து திரும்பும்போது அண்ணன் ஒரு டிராக்டரில் வந்தார், தம்பி இன்னொரு டிராக்டரில் வந்தார். ஒரு மாதத்தில் வீட்டுக்கு நடுவே ஹாலோபிளாக் சுவர் எழும்பிவிட்டது. ஹால் இரண்டானது. வாசலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டானது. கரண்டு கனெக்ஷனும் இரண்டு மீட்டர் ஆயிற்று. வயரிங்கைப் பிரித்துக் கொடுக்க ஆள் தேடியபோது நான் கிடைத்தேன். அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. அண்ணன் வயர் தம்பி பக்கம் வரக்கூடாது, தம்பி வயர் அண்ணன் பக்கம் போகக்கூடாது என்று இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். ஒரே வார்த்தைகளில் சொன்னார்கள்.

புது வயர் ஓட்ட எட்டு லென்த்து பைப்பு வேண்டியிருந்தது. நான் ஆறுதான் வாங்கிப் போயிருந்தேன். மூன்று நாள் வேலை பார்த்தேன். கடைசி நாள் சாயங்காலம் இரண்டே இரண்டு லைட்டு பாக்கி. பைப்பு தீர்ந்துவிட்டது. “நாளைக்கு வாரேன்” என்று சொல்லிவிட்டு, பழைய வயரையே முறுக்கி இழுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் டவுனில் ஒரு கல்யாணத்துக்கு சீரியல் செட்டு போடக் கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் போக வெட்கமாக இருந்தது. வயர்மேன் சொல்கிற நாளைக்கு எப்போது வரும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் பதினாலு வருஷம் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

நான் விட்டுவிட்டு வந்தது இதுதான். தம்பி வீட்டு வாசல் லைட்டு தம்பி மீட்டரில்தான் எரிகிறது. ஆனால் அதன் வயர் சுவருக்குள் புகுந்து, அண்ணன் வீட்டு ஹால் போர்டில் ஆறாவது சுவிட்சுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. அதேமாதிரி அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டத்து லைட்டு அண்ணன் மீட்டரில் எரிகிறது. அதற்கு சுவிட்ச் தம்பி வீட்டு அடுப்படியில் இருக்கிறது. கரண்டு அவரவருடையது. போடுகிற கை அடுத்த வீட்டுடையது.

யாராவது போன் பண்ணித் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று, யாரும் திட்டவில்லை. ஒரு வயர்மேனுக்கு இதைவிடப் பயம் தருகிற விஷயம் வேறு கிடையாது. பிறகு ஃபேன் மாட்ட, மோட்டார் ஸ்டார்ட்டர் பார்க்க என்று இரண்டு வீட்டுக்கும் பல தடவை வந்திருக்கிறேன். சாயங்காலமானால் வாசல் லைட்டு எரிந்தது, கொட்டத்து லைட்டும் எரிந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. எரிகிற லைட்டைப் போய்க் கேள்வி கேட்பது எங்கள் தொழிலில் இல்லை.

மதன்குமார் ஊருணிக் கரைக்குப் போனதும் அவன் அம்மா வெள்ளைத்தாய் காப்பித் தம்ளரோடு வந்தார். தம்ளரைக் கையில் கொடுக்காமல் ஏணிக் கட்டையில் வைத்தார். அந்த வைப்பிலேயே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

“தம்பி, வீடு பூராம் என்னத்தையும் மாட்டு. அந்த வாசல் லைட்டை மட்டும் தொடாத.”

“மதன் எல்லாத்துக்கும் சேத்துல்ல போன் சுவிட்சு வாங்கிட்டு வந்திருக்கான்க்கா.”

“அது அக்கா போடுற லைட்டு.”

பதினாலு வருஷத்து ரகசியம் இப்படி ஒரே வரியில் வந்தது. நான் ஏணியை விட்டு இறங்கிவிட்டேன்.

அக்கா என்று அவர் சொன்னது மூத்தார் இருளப்பசாமியின் மனைவி மாயக்காளை. சுவர் எழும்பிய அன்று அண்ணனும் தம்பியும் அவரவர் மனைவியிடம் குலசாமி பேரில் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள், அந்த வீட்டுக்காரியோடு பேசக்கூடாது என்று. நான் பழைய வயரை முறுக்கிவிட்டுப் போன சாயங்காலம் வெள்ளைத்தாய் வாசல் லைட்டைப் போட சுவிட்சைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் மாயக்காள் தன் போர்டில் ஒரு சுவிட்சைப் போட்டுப் பார்த்திருக்கிறார். தன் வீட்டில் ஒன்றும் எரியவில்லை, கொழுந்தன் வீட்டு வாசலில் எரிந்தது. இருவருக்கும் புரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து மாயக்காள் தன் வீட்டு லைட்டைப் போடும்போது இந்த வாசல் லைட்டையும் போட்டார். வெள்ளைத்தாய் அடுப்படியிலிருந்து அந்தக் கொட்டத்து லைட்டைப் போட்டார்.

“நேரங்கெட்ட நேரத்துல போடணும்னா, அமத்தணும்னா?”

“சுவத்துல ஒரு தட்டு தட்டுனா போடணும். ரெண்டு தட்டுனா அமத்தணும்.”

“சத்தியம்?”

“பேசக்கூடாதுன்னுதானப்பா சத்தியம். தட்டக்கூடாதுன்னு ஒண்ணும் சத்தியம் இல்லையே.”

சந்தனத்துக்கு இது எதுவும் தெரியாது. கோடையில் வாசலில் கட்டில் போட்டுப் படுப்பார். “ஏ, லைட்டை அமத்து” என்று சத்தம் கொடுப்பார். வெள்ளைத்தாய் உள்ளே போய்ச் சுவரில் டம்டம்மென்று இரண்டு தட்டு தட்டுவார். லைட்டு அணையும். தன் மேல் உள்ள கோபத்தில் பெண்டாட்டி பாத்திரத்தை எறிகிறாள் என்றுதான் மனுஷன் பதினாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு நரிக்குடியிலருந்து பொண்ணு வீட்டுக்காரவுக வீடு பாக்க வாராக,” என்றார் வெள்ளைத்தாய். “அடுத்த மாசம் கல்யாணம். மதனைத் தூக்கி வளத்தது பூராம் அக்காதான், எம்மேல இருந்ததைவிட அவுக இடுப்புல இருந்ததுதான் சாஸ்தி. கல்யாணத்துக்கு அவுக வரப்போறதில்ல. பத்திரிக்கை குடுக்க மாட்டேன்னுட்டாக இவுக. அக்கா கை இந்த வீட்டு மேல படுறது அந்த ஒரு லைட்டுலதான். அதையும் புடுங்கிட்டா அப்புறம் அவுக யாரோ, நான் யாரோ.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். காப்பி ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.  நான் விட்ட தப்பில் இரண்டு பொம்பளைகள் பதினாலு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறார்கள்.

மதன்குமார் வாங்கி வந்திருந்த சாமான் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. சுவிட்ச் போர்டுக்குள்ளே வைக்கலாம், இல்லையென்றால் லைட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். அப்புறம் வீட்டில் வைஃபை இருந்தால் போதும், போனில் தொட்டால் எரியும். இந்த டப்பாவை வாசல் லைட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் அண்ணன் வீட்டு சுவிட்சே வேண்டாம். சுவரை உடைக்காமல், ஒரு லென்த்து பைப்பு வாங்காமல் என் பழைய தப்பு அழிந்துவிடும். காலையில் அந்த டப்பாவைப் பார்த்ததும் எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. மனசு குளிர்ந்துபோய் இருந்தேன்.

ஆனால் அந்த டப்பாவில் பழைய சுவிட்சின் வயரைச் சொருகவும் இரண்டு துளை உண்டு. சொருகிவிட்டால் போனிலும் எரியும், பழைய சுவிட்சிலும் எரியும்.

“அக்கா போட்டாலும் எரியும், மதன் போட்டாலும் எரியும். வெளியில யாருக்கும் தெரியாது,” என்றேன்.

“ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போட்டுக்காதே?”

“அதெல்லாம் போடாது.”

இதை நான் எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

வாசல் லைட்டில் டப்பாவை மாட்டி, அண்ணன் வீட்டுக்குப் போகிற வயரை அதில் சொருகினேன். அடுப்படிப் போர்டைத் தொடவில்லை. அடுப்புச் சூட்டுக்கு அந்த டப்பா விரிசல் விடும் என்று மதன்குமாரிடம் சொன்னேன். அறிவியல் காரணம் என்பதால் ஒத்துக்கொண்டான். வாசல் லைட்டு போனில் எரிந்ததும் பழைய சுவிட்ச் எங்கே என்று கேட்பதையும் விட்டுவிட்டான்.

சோதித்துப் பார்க்க வேண்டுமே. அண்ணன் வீட்டுக்குப் போனேன். இருளப்பசாமி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் பார்ப்பதற்கு அது எப்போதும் இருக்கும்.

“அந்த வீட்டுல என்னப்பா வேலை?”

“போன்லயே லைட்டு எரியிற சுவிட்ச் மாட்டுறோம்ணே.”

“ஏன், கையில்லையா அவுகளுக்கு?”

அதற்குப் பதில் என் வாய் வரைக்கும் வந்தது. ஃபேன் ரெகுலேட்டர் பார்க்க வந்தேன் என்று சொல்லி உள்ளே போனேன். மாயக்காள் என்னைப் பார்த்ததும் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, “அவ சொல்லிட்டாளா?” என்று கேட்டார். சொல்லிவிட்டார்கள் என்றேன். ஆறாவது சுவிட்சைப் போடச் சொன்னேன். போட்டார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு கேட்டது. எரிந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி சுவிட்சைத் தட்டினார். இரண்டு தட்டு கேட்டது. எங்கள் தொழிலில் இந்தச் சோதனைக்கு இரண்டு ஆளும் நிறையக் கத்தலும் வேண்டும். இவர்கள் சத்தமில்லாமல் முடித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வாசல் லைட்டு வழக்கம்போல எரிந்தது. மதன்குமார் தன் போன்தான் போட்டது என்று நினைத்துக்கொண்டான். ஊருணிக் கரையில் நின்று அவன் வேறு என்னவெல்லாமோ தொட்டுக்கொண்டிருந்ததால் அவனுக்கே சந்தேகம் வரவில்லை.

மறுநாள் நான் வேலை முடிக்கப் போனபோது மதன்குமார் ஒரு காரியம் பண்ணி வைத்திருந்தான். பொழுது அடைகிற நேரத்துக்கு வாசல் லைட்டு தானாக எரிகிற மாதிரி போனில் போட்டுவிட்டான். சின்ன விஷயம் என்று என்னிடம் சொல்லவில்லை. பழைய சுவிட்ச் இன்னும் உயிரோடு இருப்பதை நான் அவனிடம் சொல்லவில்லை, அது பெரிய விஷயம் என்று. இப்படி ஆளுக்கு ஒன்றை மறைத்துக்கொண்டு இரண்டு பேரும் பெண் வீட்டாருக்காகக் காத்திருந்தோம்.

அந்த டப்பாவுக்கு ஒரு குணம் உண்டு. பழைய சுவிட்ச் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று அது பார்க்காது. யாரோ சுவிட்சைத் தட்டினார்கள் என்று மட்டும் பார்க்கும். லைட்டு அணைந்திருந்தால் போடும். எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிடும்.

ஆறேகாலுக்கு முன்னாடியே வாசல் லைட்டு தானாக எரிந்தது. சந்தனம் மகனைப் பார்த்து, “பரவாயில்லடா” என்றார். அவர் வாயிலிருந்து வருகிற பெரிய பாராட்டு அது. வெள்ளைத்தாய் மட்டும் லைட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கோழி அடைந்து, கை கால் கழுவிய பிறகுதான் மாயக்காள் லைட்டுப் போடுவார். இன்னும் அந்த நேரம் வரவில்லை. டப்பாவின் குணம் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வேன் வந்து நின்றது. பெண்ணின் அம்மா அழகுத்தாய் முன் கதவைத் திறந்து, வலது காலைக் கீழே வைத்தார். வெள்ளைத்தாய் “வாங்க, வாங்க” என்று வாசலுக்கு வந்தார். லைட்டு பொசுக்கென்று அணைந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில், சம்பந்தி வீட்டில் கால் வைக்கும்போது லைட்டு அணைந்தால் யாருக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும். அழகுத்தாய் ஒரு கால் வேனிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றார். மதன்குமார் போனைத் தொட்டான். எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், லைட்டைப் போட்டும் ஜன்னலுக்கு வெளியே இருட்டாக இருக்கிறதே என்று மாயக்காள் மறுபடி தட்டினார். அணைந்தது. மதன்குமார் போட்டான், மாயக்காளும் போட்டார். இருவரும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தர் கூட அணைக்கவில்லை. லைட்டு மட்டும் திருவிழா சீரியல் பல்பு மாதிரி அணைந்து அணைந்து எரிந்தது. கடைசியில் அணைந்த பக்கமே நின்றது.

“ஏலே ஜெயபாண்டி!” என்றார் சந்தனம்.

வோல்டேஜ், லோடு, நெட்டு, மூன்று வார்த்தையும் என் வாய்க்கு வந்தன. எதை முதலில் சொல்வது என்று யோசிப்பதற்குள் மதன்குமார் போனை நீட்டினான்.

“அப்பா, இதுல காட்டுது. யாரோ கையால சுவிட்சைப் போடுறாங்க.”

“கையாலயா? யாரு கை?”

 வெள்ளைத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“அக்கா கை,” என்றார்.

சந்தனத்துக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முதலில் கோபம்தான் வந்தது. “பொண்ணு வீட்டுக்காரவுக வந்து நிக்கிற நேரத்துல என் வீட்டு வெளக்கை அமத்துறாகளா?” என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். அந்தக் குரல் கேட்டு மாயக்காள் வெளியே வந்துவிட்டார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தவர், சத்தியத்தை மறந்துவிட்டாரா, போகட்டும் என்று விட்டுவிட்டாரா தெரியவில்லை. கொழுந்தனைப் பார்த்து நேராகவே பேசினார்.

“நான் அமத்தலய்யா. போட்டேன். போடப் போட அணையுது, நான் என்ன செய்ய? மதனுக்குப் பாக்க வந்தவுக நிக்கையில நான் அமத்துவேனா?”

அந்தக் கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது. என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

“அண்ணே, தப்பு எம்மேல,” என்றேன். “பைப்பு ரெண்டு லென்த்து பத்தல.”

“எப்பப் பத்தல?”

“பதினாலு வருசத்துக்கு முன்னாடி.”

வேனிலிருந்து யாரோ இருமினார்கள். சந்தனம் என்னை அடிக்கத்தான் வந்தார். வெள்ளைத்தாய் குறுக்கே வந்து நின்றார்.

“அவனை என்னத்துக்கு? நான் டைபாய்டு வந்து பத்து நாள் மதுரை ஆஸ்பத்திரியில கெடந்தேனே, மதன் ஆஸ்டல்ல இருந்தான். பத்து நாளும் நீங்க தோட்டத்துலருந்து வீட்டுக்கு வாரப்ப இந்த வாசல்ல வெளக்கு எரிஞ்சுச்சா இல்லையா?”

“எரிஞ்சுச்சு.”

“நீங்க போட்டீகளா?”

சந்தனம் யோசித்தார். யோசிப்பது இருட்டிலும் தெரிந்தது. பூட்டிக் கிடந்த வீட்டு வாசலில் பத்து நாள் லைட்டு எரிந்திருக்கிறது, யார் போட்டது என்று ஒரு நாளும் அவர் கேட்டுக்கொண்டதில்லை. லைட்டு என்றால் சாயங்காலம் எரியும் என்றுதான் இருந்திருக்கிறார். மெதுவாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அண்ணன் இருளப்பசாமி தன் வாசலில் வந்து நின்றதை அப்போதுதான் எல்லாரும் பார்த்தோம். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. அவர் தம்பியைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்தார்.

“அப்ப நம்ம கொட்டத்து லைட்டு?”

“அது அவ,” என்றார் மாயக்காள்.

“தெனமுமா?”

“அவ ஆஸ்பத்திரியில கெடந்த பத்து நாளு போக, தெனமுந்தான்.”

“செவலை கன்னு போட்ட அன்னைக்கு, நடுச்சாமத்துல எரிஞ்சுச்சே?”

“நான் சுவத்துல தட்டுனேன். அவ எந்திரிச்சுப் போட்டா. விடிய விடிய அமத்தாம உக்காந்திருந்தா.”

 மாயக்காள், “இருங்க, போயி ஒழுங்காப் போட்டுட்டு வாரேன்” என்று திரும்பினார். “நீ நில்லு” என்றார் இருளப்பசாமி. சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்களுக்கெல்லாம் விஷயம் முடிந்துவிட்டது என்றே பட்டது. மாயக்காள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றார்.

மதன்குமார் போனை எடுத்தான். “அப்பா, நான் போட்டுர்றேன். அவங்க நிக்கிறாங்க.”

“போடாத.”

“அப்பா.”

“போடாதடா. போடுறவுக போடட்டும்.”

கல்யாண வீட்டு வாசல் இருட்டில் கிடந்தது. அழகுத்தாய் வேனிலிருந்து முழுதாக இறங்கிவிட்டார். வெள்ளைத்தாயின் பக்கத்தில் வந்து நின்று, “எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல மதினி” என்று சொன்னார். நல்ல இடத்தில்தான் பெண் எடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் தோன்ற வேண்டிய விஷயமில்லைதான்.

அப்போது அண்ணன் வீட்டு ஜன்னலில் டியூப்லைட்டு அணைந்தது. கோபத்தில் லைட்டை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறார் என்று நினைத்தேன். உடனே எரிந்தது. அப்புறம் உள்ளே ஃபேன் சத்தம் நின்றது. மறுபடி ஓடியது. டிவியில் ஒருத்தர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார், பாதி வார்த்தையில் அவர் நின்றார். பிறகு அவரும் வந்தார்.

என்ன நடக்கிறது என்று எனக்குத்தான் முதலில் புரிந்தது. தொழில் அப்படி. மாயக்காளுக்கு அடுத்து புரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“எதுன்னு தெரியாதே அவுகளுக்கு,” என்றார். “ஒரு நாளும் தொட்டதில்லையே.”

அறுபது வயசில் ஒரு மனுஷன் தன் வீட்டு சுவிட்ச் போர்டு முன்னால் நின்று, ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். ஒரு படுக்கையறை லைட்டு எரிந்து அணைந்தது. எதற்கும் இல்லாத ஒரு சுவிட்ச் டக் டக்கென்றது. பிறகு எங்கள் தலைக்கு மேலே வாசல் லைட்டு பளிச்சென்று எரிந்தது. எல்லாருடைய முகமும் தெரிந்தது. சந்தனத்தின் முகமும் தெரிந்தது. நான் பார்க்காதது மாதிரி ஏணியைப் பார்த்தேன்.

ஆனால் உள்ளே ஜன்னலுக்கு முதுகைக் காட்டி போர்டைப் பார்த்து நிற்கிறவருக்கு அது தெரியாது. லைட்டு சுவருக்கு இந்தப் பக்கம். போட்டுப் பார்த்தார், தன் வீட்டில் ஒன்றும் எரியவில்லை, இதுவும் இல்லை என்று அணைத்துவிட்டார். மறுபடி இருட்டு.

யாராவது சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் ஒருத்தன் சுவிட்சிலும் ஒருத்தன் லைட்டிலும் நின்றால், லைட்டில் நிற்கிறவன்தான் கத்த வேண்டும். பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. சந்தனம் அண்ணன் வீட்டு ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே! இப்பப் போட்டீகளே, அதுதாண்ணே! திருப்பிப் போடுங்க!”

 உள்ளே டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு அதையும் யாரோ அணைத்தார்கள். டக்கென்று ஒரு சுவிட்ச் சத்தம் கேட்டது. வாசல் லைட்டு எரிந்தது. அப்படியே நின்று எரிந்தது.

உள்ளேயிருந்து இருளப்பசாமியின் குரல் வந்தது.

“எரியுதாடா?”

சந்தனம் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். 

“எரியுதுண்ணே,” என்றார். “நல்லா எரியுது. வெளிய வாங்க.”